புதன்கிழமை வகுப்பு

அக்டோபர் 11, 2023
தொழிலாளர் உரிமை பற்றிய இணைய வகுப்பு இத்தாலியின் டுரின் நகரிலிருந்து நடக்கிறது. அங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் திருப்பூரில் மாலை ஆறரை, வங்கதேசத்துக் காஜிப்பூரில் ஏழு. அரை ஷிப்டுக் கூலியை விட்டுவிட்டு வந்து, கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்டேன். மகள் பக்கத்தில் அமர்ந்து ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆவது உடன்படிக்கை 1948-இல் வந்தது. வங்கதேசம் 1972-இலேயே அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டது. இந்தியா இன்றுவரை அளிக்கவில்லை. அப்படியானால் எங்களுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்க நினைத்தேன்; நேரம் முடிந்துவிட்டது.

அக்டோபர் 18
வகுப்பில் இருக்கும் காஜிப்பூர்ப் பெண் தோழரும் என்னைப் போல ஓவர்லாக் தையல் மெஷினில்தான் வேலை செய்கிறாராம். கூலி உயர்வு கேட்டால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்று பதினோரு வருடமாக எங்களிடம் சொல்கிறார்கள் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தியாவுக்குப் போய்விடும் என்று அவர்களிடம் சொல்கிறார்களாம். ஊசி ஏறிய விரலை இருவரும் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து காட்டிக்கொண்டோம். அவருடைய நகம் நடுவில் பிளந்து வளர்ந்திருந்தது.

அக்டோபர் 25
அவருடைய ஊரில் போராட்டம் தொடங்கிவிட்டது. குறைந்தபட்சக் கூலி அவர்கள் நாட்டுப் பணத்தில் மாதம் 8,000 டாக்கா. சங்கங்கள் 23,000 கேட்க, முதலாளிகள் 10,400 தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 29
ஐரோப்பாவில் இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிட்டார்கள். இனி நமக்கு வகுப்பு ஏழரைக்கு.

நவம்பர் 1
அவர் வரவில்லை.
என் கேள்வியைக் கேட்டுவிட்டேன். ஒப்புதல் அளிக்காத நாட்டின் மீதும் சங்கங்கள் புகார் கொடுக்கலாம் என்றும், அதை விசாரிப்பதற்கென்றே 1951 முதல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் ஒரு குழு இருக்கிறது என்றும் ஆசிரியர் விளக்கினார். நோட்டில் மூன்று பக்கம் எழுதினேன். ஆனால் ஒப்புதல் அளித்த நாட்டில், கூலி கேட்டுத் தெருவில் நிற்பவர்களை யார் காப்பாற்றுவார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காஜிப்பூரில் நேற்று முன்தினம் உயிர் போயிருக்கிறது.

நவம்பர் 7
அங்கே குறைந்தபட்சக் கூலி 12,500 டாக்கா என்று அறிவித்துவிட்டார்கள். காஜிப்பூர் தோழருக்கு நான் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக்தான்.

நவம்பர் 8
தீபாவளிக்கு முன் சரக்கு ஏற்ற வேண்டும் என்று ஒன்றரை ஷிப்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தைக் கேட்டேன். கோனாபாரியில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் துப்பாக்கிச் சூட்டில் இறந்துவிட்டதாக ஒரு தோழர் எழுதினார். கோனாபாரி காஜிப்பூரில்தான் இருக்கிறது.

நவம்பர் 9
இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், என் தோழர் இல்லை, வேறொருவர். நிம்மதியாக மூச்சு விட்டேன். அதன் பிறகு அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 11
போனஸ் கொடுத்துவிட்டார்கள். 15-ஆம் தேதி வகுப்பு உண்டு என்று தகவல் வந்திருக்கிறது. டிக் இன்னும் ஒன்றுதான்.