கார்டைப் பற்றித்தான் கேட்டேன்

நண்பன் ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு (கம்ப்யூட்டரில் கேம் படங்களைத் தயாரிக்கும் அட்டை) வாங்கிவிட்டான். அவனிடம் இருந்த முந்தைய 4090 கார்டு, அட்டைப்பெட்டியில் சும்மா கிடக்கிறது என்றும், "ஒரு வாரம் உன் சிஸ்டத்துல போட்டுப் பாரு, பிடிச்சா வச்சுக்கோ, காசெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றும் சொன்னான். என்னிடம் இருப்பது 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060. அதில் கணக்குப் போடும் கோர்கள் 1,280, இதில் 16,384. வேண்டாம் என்று சொல்ல நான் என்ன துறவியா?

"உன் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்?" என்று கேட்டான், சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியைத்தான். 550 என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் தன் பழைய 850 வாட்டையும் எடுத்துப் பையில் போட்டான். கார்டு மட்டுமே 450 வாட் இழுக்குமாம், என் 1060 இழுப்பது 120. ஆக கார்டைச் சோதிக்கும் முன்பே என் வீட்டிலிருந்து ஒரு விக்கெட் விழுந்தாயிற்று.

அடுத்தது கேபினட். கார்டை அளந்தேன், 34 சென்டிமீட்டர். உள்ளே இருந்த இடம் 32. ஹார்ட் டிஸ்க் மாட்டும் கூண்டைக் கழற்றி, முன்பக்க ஃபேனையும் கழற்றி, மதர்போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சாட்டா ஒயர்களைக் கெஞ்சி மடக்கி ஒருவழியாக உள்ளே விட்டேன். உள்ளே போனது, ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடியை மூட முடியவில்லை, கார்டின் தலையில் சொருகும் பவர் கேபிள் வெளியே எட்டிப் பார்க்கிறது. அந்த இடத்தில் கேபிளை அழுத்தி மடக்கவும் பயம். இந்தக் கார்டு 2022 அக்டோபரில் வெளிவந்த சில நாட்களிலேயே இந்தக் கேபிளின் கனெக்டர் உருகிப்போன படங்கள் வரத் தொடங்கின. கனெக்டர் முழுசாக உள்ளே போகாமல் பாதியில் நிற்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். கணக்குப் போட்டால் புரியும். 450 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 37 ஆம்பியருக்கு மேல் வருகிறது, அது மொத்தமும் போவது தீக்குச்சி கனம்கூட இல்லாத ஆறு பின்கள் வழியாக. அதனால் டார்ச் அடித்து, இடைவெளி தெரிகிறதா என்று பதினோரு முறை பார்த்தேன். பன்னிரண்டாவது முறை பார்க்கும்போது மனைவி, "உள்ள ஏதாவது குட்டி போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

கார்டின் எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஒரு பக்கம் மட்டும் திருகி மாட்டியிருப்பதால் மறுமுனை தொங்கியது. அதற்கென்று முட்டுக் கொடுக்கும் கம்பியெல்லாம் விற்கிறார்கள். நான் மகளின் பிளாஸ்டிக் கட்டைகளில் சிவப்பு ஏழும், மேலே தட்டையான மஞ்சள் ஒன்றும் அடுக்கினேன். மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார்ந்தது. சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன், ஆனால் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சரி, சோதனை. முதலில் நான் வழக்கமாக விளையாடும் கார் ரேஸ் கேம். 1060-ல் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் வந்தது, 4090-லும் 60. கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன், 60. கிராஃபிக்ஸ் அளவுகளை எல்லாம் உச்சத்தில் வைத்தேன், 60. கனெக்டரைப் பதிமூன்றாவது முறையாகப் பார்த்தேன், அப்போதும் 60. நண்பன் என் தலையில் பழுதான கார்டைக் கட்டிவிட்டானோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், பாவம் அவன். கடைசியில் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தால், விநாடிக்கு 144 முறை படத்தை மாற்றக்கூடிய என் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் சமர்த்தாக 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. கேமில் வி-சிங்க் ஆனில் இருந்ததால் மானிட்டர் எவ்வளவோ ஃபிரேமும் அவ்வளவுதான். மானிட்டர் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடமும் "144 ஹெர்ட்ஸ் வந்தப்புறம் கண்ணுக்கே தனி சுகம்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அளந்திருக்கிறேன்.

மாற்றி வைத்து, வி-சிங்க்கையும் அணைத்து மறுபடி ஓட்டினேன். 90-க்கும் 100-க்கும் நடுவில் வந்தது. ஆகா! ஆனால் 1440பி ரெசல்யூஷனில் அவ்வளவு, 1080பி-க்கு இறக்கினாலும் அவ்வளவே. ரெசல்யூஷனை இறக்கி கார்டின் வேலையைக் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் தாமதம் கார்டில் இல்லை, பிராசசரில் இருக்கிறது. என்னுடையது 2019-ல் வந்த ரைசன் 5 3600. மானிட்டரிங் மென்பொருளில் கார்டின் உழைப்பு 45 சதவீதம் என்று காட்டியது. மீதி 55 சதவீதத்துக்கு அது கைகட்டிக்கொண்டு, என் பிராசசர் அடுத்த ஃபிரேமுக்கான வேலையை முடித்து அனுப்பும் வரை காத்திருக்கிறது. நல்ல கார்டு, முகம் சுளிக்கவில்லை.

அதை எப்படியாவது திணறடித்துப் பார்க்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. டிஎஸ்ஆர் என்று ஒரு வசதி உண்டு, 4கே அளவில் படத்தைத் தயாரித்து சின்ன மானிட்டருக்குச் சுருக்கிக் கொடுக்கும். அதைப் போட்டு, சைபர்பங்க் 2077 என்ற கேமில் பாத் டிரேசிங்கையும் ஆன் செய்தேன். ஒளிக்கதிர் எங்கெங்கே பட்டுத் தெறிக்கிறது என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்குப் பார்க்கும் வேலை அது. 19 ஃபிரேம்! கார்டின் உழைப்பு 99 சதவீதம்! ஒரு கேம் தட்டுத் தடுமாறி ஓடுவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். சுவரில் மாட்டிய மீட்டர் மொத்த சிஸ்டத்துக்கும் 540 வாட் என்றது, அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும். அரை மணி நேரத்தில் சட்டையைக் கழற்றினேன். கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு, அதாவது 315 வாட்டுக்கு இறக்கினால் 18 ஃபிரேம் வந்தது. ஒரே ஒரு ஃபிரேமுக்காக 135 வாட் எரித்திருக்கிறேன். இந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

டிஎல்எஸ்எஸ் என்று இன்னொரு வசதி, அதைப் பர்ஃபார்மன்ஸில் வைத்தால் உள்ளுக்குள் 1080பி-யில் தயாரித்து 4கே-யாகப் பெரிதாக்குகிறது. 50 சொச்சம் வந்தது, பிராசசர் மறுபடி முட்டிக்கொண்டது. ஃபிரேம் ஜெனரேஷனையும் போட்டேன், 100. உண்மையான இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் கார்டே ஒன்றைச் செய்து சொருகுகிறது, அதற்குப் பிராசசரின் தயவு வேண்டாம். கண்ணுக்கு வழவழவென்று இருக்கிறது, ஆனால் மவுஸைத் திருப்பினால் கைக்குத் தெரிகிறது, இது அதே பழைய 50 என்று.

ஒரு பழைய கேமின் மெனுவில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மகள் கேபினட்டைச் சுற்றி நின்று காற்றில் கை தட்டிக்கொண்டிருக்கிறாள். "அப்பா, கொசு. கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது." கொசு இல்லை, காயில் வைன். மெனுவில் வேலை ஒன்றும் இல்லாததால் கார்டு விநாடிக்கு 900 ஃபிரேமுக்கு மேல் தள்ளிக்கொண்டிருந்தது, பாய்கிற கரண்ட் ஏறி இறங்குகிற வேகத்தில் உள்ளே இருக்கும் காயில்கள் அதிர்ந்து கீச்சிடுகின்றன. விநாடிக்கு 140 ஃபிரேம் என்று வரம்பு வைத்ததும் சத்தம் நின்றது. தான்தான் அடித்துக் கொன்றதாக அவள் இன்றும் நம்புகிறாள். அந்தச் சாக்கில் எட்டிப் பார்த்து முட்டுக் கட்டைகளையும் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆறாம் நாள் நண்பன் போன் செய்தான். "என்னடா, எப்படி இருக்கு?"

"பிராசசர் பத்தாது, கேபினட் பத்தாது, எஸ்எம்பிஎஸ் உன்னுது, மானிட்டரை 4கே-யா மாத்தினாத்தான் பிரயோஜனம், ரூமுக்கு இன்னொரு ஜன்னல் வேணும்."

"நான் கார்டைப் பத்தித்தான்டா கேட்டேன்."

கார்டு ஒரு குறையும் இல்லாத கார்டு. அதனால்தான் திருப்பிக் கொடுத்தேன். கழற்றுவது மட்டும் தனிப் போராட்டம், ஸ்லாட்டின் கொக்கி கார்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது, விரல் நுழையவில்லை. மகளின் மர ஸ்கேலை உள்ளே விட்டு அழுத்தித்தான் எடுத்தேன். ஸ்கேலில் 15-க்கு மேல் இப்போது இல்லை.

1060 பழைய இடத்துக்கு வந்துவிட்டது, கண்ணாடியும் மூடிக்கொண்டது. கட்டைகளை எண்ணிப் பார்த்த மகள் மஞ்சளைக் காணோம் என்று நிற்கிறாள். நண்பனிடம் கேட்டால் கார்டுப் பெட்டிக்குள் இருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறான், கூடவே பின்னணியில் வேண்டுமென்றே 5090 தெரிகிற மாதிரி. இந்த ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வர வேண்டும். மஞ்சள் கட்டையைத் தவிர வேறு எதையும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்.