அக்காவின் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்த பதினாறு மாதங்கள்

2020 ஏப்ரல் முதல் வாரம் எனக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். சிறுநீரகம் தருவது என் அக்கா. பரிசோதனை, அனுமதி எல்லாம் முடிந்து பெட்டி கூடக் கட்டி வைத்தாயிற்று. மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. அந்த வாரமே மருத்துவமனையிலிருந்து போன்: "இப்போதைக்குத் தள்ளி வைக்கிறோம், டயாலிசிஸைத் தொடருங்கள்."

காரணம் புரிந்தது. புது உறுப்பை உடல் விரட்டாமல் இருக்க எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்குவார்கள். முதல் சில மாதங்கள்தான் அந்த மருந்தின் அளவு மிக அதிகம். அந்த நேரத்தில் கொரோனா தொற்றினால் என்ன ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஆனால் காத்திருப்பதிலும் ஆபத்து இருந்தது. ஊரே வீட்டுக்குள் இருந்தபோது நான் வாரம் மூன்று நாள் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குப் போக வேண்டும். மாவட்ட எல்லையில் வண்டியை நிறுத்துவார்கள். பாஸோடு கையில் உள்ள ஃபிஸ்டுலாவையும் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம்) காட்டுவேன். அங்கே போனால் வரிசைக் கட்டிலில் நான்கு மணி நேரம், பக்கத்துக் கட்டில்காரரின் இருமலைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்க வேண்டும்.

ஜூலையில் எங்கள் ஷிஃப்டில் ஒருவருக்குப் பாசிட்டிவ். பயந்துபோய் வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போகவில்லை. என் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அது. ஞாயிறு இரவு படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே ஆம்புலன்ஸில் போனேன். மூச்சுத்திணறல் என்றதும் கொரோனா சந்தேக வார்டில் போட்டுவிட்டார்கள். டயாலிசிஸ் தவறி நுரையீரலில் நீர் கோத்ததாலும் அப்படி ஆகலாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. ஃபிஸ்டுலாவைப் பார்த்த ஒரு நர்ஸ்தான், "கடைசியா எப்போ டயாலிசிஸ் பண்ணீங்க அண்ணா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. டயாலிசிஸ் செய்து மூன்று லிட்டருக்கு மேல் நீர் எடுத்த பிறகே மூச்சு வந்தது. டெஸ்ட் நெகட்டிவ். அதற்கப்புறம் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை.

நவம்பரில் மறுபடி நாள் குறித்தார்கள். அக்காவுக்குக் கொரோனா வந்தது. லேசாகத்தான் வந்தது, ஆனால் அவளுடைய பரிசோதனைகளை எல்லாம் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

2021 மார்ச்சில் 45 வயதுக்கு மேற்பட்ட இணைநோய்க்காரர்களுக்குத் தடுப்பூசி திறந்தார்கள். எனக்கு 46. டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "இரண்டு டோஸும் முடித்துவிட்டு வாருங்கள். சிறுநீரக மாற்று முடிந்து ஊசி போட்டால் உங்கள் உடம்பு சரியாக எதிர்ப்பொருள் உண்டாக்காது." ஒரு வருடம் காத்தவனுக்கு இன்னும் சில மாதமா என்று ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலையைப் பார்த்த பிறகு அவர் கால்களில் விழலாம் போலிருந்தது. எனக்கு ஏப்ரலில் இரண்டாவது டோஸ் முடிந்தது. அக்காவுக்கு முதல் டோஸே ஏப்ரலில்தான். அதற்குள் கோவிஷீல்டு இடைவெளியைப் பன்னிரண்டு வாரத்துக்குமேல் நீட்டிவிட்டதால் அவளுக்கு ஜூலை வரை ஆனது.

ஆகஸ்டில் அறுவை நடந்தது. அறுவை மேசையிலேயே புதுச் சிறுநீரகம் வேலை செய்து சிறுநீர் வந்துவிட்டது என்று சொன்னார்கள்.

2022 பொங்கல் முடிந்து எனக்கும் தொற்று வந்தது. காய்ச்சல் தொடங்கிய அன்றே போன் செய்தேன். எதிர்ப்பு சக்தியை அடக்க நான் எடுத்துவந்த மருந்துகளில் மைக்கோஃபினோலேட்டை நிறுத்தி, டாக்ரோலிமஸை ரத்தத்தில் அளவு பார்த்துத் தொடர்ந்து, ஸ்டீராய்டைக் கொஞ்சம் கூட்டினார்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நாமாக முடிவு செய்யவே கூடாது. மருந்தைக் குறைத்தால் உறுப்பை உடல் எதிர்க்கும், குறைக்காவிட்டால் கிருமி வளரும். உறவினர் ஒருவர் அன்போடு கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொண்டுவந்தார். டாக்ரோலிமஸின் அளவை அது என்ன செய்யும் என்று தெரியாததால் டாக்டர் வேண்டாம் என்றார். நான் குடிக்கவில்லை.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் 1.1இலிருந்து 1.6 வரை ஏறியது; ஏறினால் நல்லதல்ல. மூன்று வாரம் கழித்து 1.2 என்று ரிசல்ட் வந்ததும் முதலில் அக்காவுக்குத்தான் போன் போட்டேன். "என் கிட்னி எப்படி இருக்குடா?" என்றாள்.