யாரைக் கேட்டுப் பிரித்தார்கள்? ஒரு நீலகிரி ஆசிரியையின் நாட்குறிப்பு

ஜூலை 8

ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். இன்று மதியம் ஒரு சண்டை. "போடா சிலோன்காரா" என்று ஒருவன் கத்தினான். விலக்கிவிட்டு, "சிலோன்லேர்ந்து ஏன் வந்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். "யுத்தம் நடந்துச்சு மிஸ், அகதியா வந்தாங்க" என்றது வகுப்பு முழுவதும். டான்டீ தோட்டங்கள் 1968-ல், இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட இவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்காகவே தொடங்கப்பட்டவை. அப்போது அங்கே யுத்தமே இல்லை. அகதியாக வருவதில் இழிவு எதுவும் கிடையாது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் கதை வேறு, அது அவர்களுக்கே தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நாளை மறுநாள் தொடங்குகிறேன்.

ஜூலை 10

1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைக் கரும்பலகையில் எழுதினேன். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பா வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றும் வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்து கோப்பித் தோட்ட வேலைக்குப் போய், தலைமுறைகளாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்ந்த கூலித் தொழிலாளிக்குச் சான்றிதழ் ஏது? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

"உங்க வீட்டுல தாத்தா பிறந்ததுக்கு என்ன காகிதம் இருக்குன்னு பார்த்துட்டு வாங்க" என்றேன். விருப்பமிருந்தால் சொன்னால் போதும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஜூலை 11

அப்பாவுடைய சான்றிதழே பலரிடம் இல்லை. தாத்தாவுக்கு என்று வந்தது வாக்காளர் அட்டைதான், அதிலும் பிறந்த தேதி ஜனவரி 1. இது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கவில்லை, செட்டி வீட்டுப் பையனும் வெறுங்கையோடுதான் வந்தான்.

பணியர் பழங்குடியினரின் குடியிலிருந்து வரும் பெண் கடைசி பெஞ்சில் எழுந்து, "எங்க வீட்டுல ஒண்ணுமே இல்ல மிஸ்" என்றாள். இந்த மலைச்சரிவில் யாருக்கும் முந்தி இருந்தவர்கள் அவளுடைய ஆட்கள். காகிதத்தைக் கேட்டால் முதலில் வெளியே போக வேண்டியவள் அவள்தான். இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை சண்டை போட்ட பையனே எழுந்து, "அப்போ நாம எல்லாருமே போயிருப்போம்ல?" என்றான். இத்தனை வருட ஆசிரியர் வேலையில் இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

ஜூலை 15

அந்தச் சட்டத்தை ஏன் கொண்டுவந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா அரசுக்கு அது ஆபத்தாகப் பட்டது. குடியுரிமையோடு வாக்கும் போனது. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் சார்பில் ஒருவர்கூட வெல்லவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஜூலை 18

இன்றைய பாடம் 1964 அக்டோபர் 30. நாடற்றவர்களைப் பிரித்துக்கொள்ள இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். அதற்குள் மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எண்களை எழுதி முடிப்பதற்குள் ஒரு பெண் கேட்டாள்: "அவங்கள யாராவது கேட்டாங்களா மிஸ்?"

எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்தபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அப்படியேதான் சொன்னேன்.

ஜூலை 22

ஒரு மாணவியின் அப்பாயி வகுப்புக்கு வந்தார். இலங்கையின் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி, அதாவது ரயில், கிளம்பும்போது எழுந்த அழுகையைப் பற்றிச் சொன்னார். "தங்கச்சிக்குக் குடியுரிமை அங்க கெடச்சிருச்சு, எனக்கு இங்க. அவ பிளாட்பாரத்துல நின்னா." தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் சேரம்பாடி. அங்கேயும் தேயிலைக் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. ஒரு பையன், "திரும்பிப் போகணும்னு தோணுச்சா பாட்டி?" என்றான். "தெனமும் தோணும் சாமி. கப்பலையும் நிறுத்திட்டானுங்களே." 1984-ல் கப்பல் நின்றது, அதன்பின் தங்கையை அவர் பார்க்கவில்லை.

அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டார்கள். 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களைச் சொன்னேன். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 55 வருடம் ஆகியிருக்கிறது.

மணி அடித்த பிறகு அந்த மாணவி தனியாக வந்தாள். அண்ணனின் காலேஜ் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமாம். அதற்கு ஆதாரமாக, இலங்கையிலிருந்து அப்பாயி கொண்டுவந்த குடும்ப அட்டை நைந்து கிழிந்திருக்கிறது, தாத்தா பெயர் படிக்க முடியவில்லை. வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய அப்பாவோடு அலுவலகத்துக்கு நானும் போகிறேன்.