பதுங்கியிருந்த 4 கோப்ளின்கள்: ஒரே மோதல், மூன்று முறை

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துபவராக) நான் நடத்திய முதல் பதுங்கித் தாக்குதல் சரியாக வரவில்லை. புதருக்குள் 4 கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்), பாதையில் முதல் லெவல் கதாபாத்திரங்கள் 4 பேர். கோப்ளின்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஸ்டெல்த் (மறைந்திருக்கும் திறன்) பகடை உருட்டினேன். 19 வந்தது. யாருடைய பாஸிவ் பெர்செப்ஷனும் (உருட்டாமலே கவனிக்கும் திறனின் எண்) அதை எட்டவில்லை, நால்வருமே சர்ப்ரைஸ், அதாவது எதிர்பாராமல் சிக்கித் தங்கள் முதல் முறையை இழந்தார்கள். மந்திரவாதிக்கு 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி)தான். அவருடைய முறை வருவதற்குள் இரண்டு அம்பு பட்டு விழுந்துவிட்டார். அடியைத் தடுக்கும் ஷீல்டு மந்திரம் தயாராக இருந்தும் பயனில்லை. அது ரியாக்ஷனாக, அதாவது அடி விழும்போதே உடனடிப் பதிலாகப் போடுவது. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, சர்ப்ரைஸ் ஆனவர் தன் முதல் முறை முடியும்வரை ரியாக்ஷன் எடுக்க முடியாது. "அண்ணா, நான் இன்னும் ஒண்ணுமே செய்யலையே" என்றான் மந்திரவாதியாக ஆடிய தம்பி. அன்று இரவு முழுக்க அதுவே மனதில் ஓடியது.

விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். தவறு என்னுடையது. ஒளிந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உருட்ட வேண்டும். அதில் ஒருவரைக் கண்டுவிட்டாலே போதும், கண்டவர் சர்ப்ரைஸ் ஆகமாட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 பக்கப் பகடையில் விழுவதோடு கோப்ளினுக்கு ஸ்டெல்த் +6 கூடும், மந்திரவாதியின் பாஸிவ் 12. சமமாக வந்தால் கண்டதாகவே வைத்துக்கொண்டேன். ஒரு கோப்ளின் அவர் கண்ணில் படாமல் இருக்க 70 சதவீத வாய்ப்பு. நான்குமே படாமல் இருக்க வெறும் 24 சதவீதம்! ஒரே பகடை உருட்டியதில் அந்தப் பையனின் வாய்ப்பை நானே பறித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அதே மோதலைத் தனித்தனிப் பகடையோடு ஆடினோம். ஒரு கோப்ளினுக்கு +6 சேர்த்தும் மொத்தம் 9 தான் வந்தது. எல்லோருமே அதைப் பார்த்துவிட்டார்கள். மற்ற மூன்றும் மறைவிலிருந்தே எய்ததால் சண்டை இறுக்கமாகத்தான் போனது.

அப்புறம் மூன்றாம் முறை, 2024இல் திருத்தி வந்த விதியோடு. இதில் சர்ப்ரைஸ் ஆனவர் முறையை இழப்பதில்லை. இனிஷியேட்டிவுக்கு (யார் முதலில் ஆடுவது என்ற வரிசைக்கு) இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். தம்பிக்கு 16, 14 விழுந்தன. 14ஐ எடுத்தும் கோப்ளின்களை முந்தி ஸ்லீப் (தூங்க வைக்கும் மந்திரம்) போட்டு மூன்றைச் சாய்த்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனாலும் நான் 2014க்கே திரும்பினேன். எங்கள் குழுவினர் தாங்களே பதுங்கத் திட்டம் போட்டால் அரை மணி நேரம் வரைபடத்தின் மேல் குனிந்துகிடப்பார்கள். அந்த உழைப்புக்கு எதிரியின் ஒரு முறையாவது பறிபோக வேண்டும். 2024இல் எதிரிக்கு நல்ல பகடை விழுந்தால் பதுங்கியவர்களுக்கு முன்பே அவன் அடித்துவிடுகிறான்.

வரும் ஞாயிறு அவர்கள் பதுங்குகிறார்கள், கோப்ளின்கள் நடந்து வருகின்றன. இரும்புக் கவசக்காரருக்கு ஸ்டெல்த்தில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சிறியதை எடுப்பது) என்பதால், அவரை எங்கே நிறுத்துவது என்று இப்போதே சண்டை.