"ஆச்சு" என்றார்கள், முன்பதிவு ஆகவில்லை

மூன்றாவது டாஸ்க் முடிந்ததும் அந்தப் பெண்மணி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு "ஆச்சு" என்றார். முகத்தில் நிறைவு தெரிந்தது. ஆனால் முன்பதிவு ஆகவில்லை.

நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு நூலகத்தின் தேடல் மென்பொருள். வேறொருவர் எடுத்துச் சென்றிருக்கும் புத்தகத்தை அதில் முன்பதிவு செய்யலாம். பட்டனை அழுத்தியதும் பக்கத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை தோன்றி "உறுதிசெய்யவும்" என்று கேட்கும். அவரோ பக்கத்தின் அடியில் இருந்தார். பட்டை அவர் பார்வைக்கு வரவே இல்லை. கண்ணெதிரே நடந்த ஒரே மாற்றம், அழுத்திய பட்டன் லேசாக மங்கியதுதான். வேலை முடிந்ததற்கு அதுவே அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து நான் கொடுத்த வினாத்தாளில் அந்த மென்பொருளுக்கு 100க்கு 85 கொடுத்தார்.

முதுகலை ஆய்வேட்டுக்காக நான் செய்த பயன்படுதன்மை மதிப்பீட்டில் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது இந்த ஓர் இடம்தான். ஐ.எஸ்.ஓ. 9241-11 தரநிலை பயன்படுதன்மையை மூன்றாகப் பிரிக்கிறது: நினைத்த வேலை முடிகிறதா, எவ்வளவு உழைப்பில் முடிகிறது, பயன்படுத்தியவருக்குத் திருப்தியா. படிக்கும்போது மூன்றும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வேலை முடியாமலேயே திருப்தி முழுதாக இருக்க முடியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவக்கூடும்.

முதலில் நிபுணர் மதிப்பீடு. ஜேக்கப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் முன்வைத்த முறை இது. பயனர்கள் இல்லாமல், துறை தெரிந்த சிலர் தனித்தனியே மென்பொருளைப் பார்த்து, பொது விதிகள் எங்கே மீறப்படுகின்றன என்று குறிப்பார்கள். இன்று எல்லோரும் பயன்படுத்தும் 10 விதிகளை நீல்சன் 1994இல் செப்பனிட்டார். 3 முதல் 5 பேர் போதும் என்பது வழக்கம். எனக்கு மூவர் கிடைத்தார்கள். எழுத்தின் அளவு, தேடல் பெட்டியின் இடம், புரியாத பிழைச் செய்திகள் என்று நல்ல பட்டியல் வந்தது. அந்த மஞ்சள் பட்டையை மூவரில் ஒருவர் மட்டும் குறித்திருந்தார், அதுவும் பாராட்டாக. தவறுதலாக முன்பதிவாகிவிடாமல் தடுக்கிறதாம்! விதிப்படி அவர் சொன்னதில் பிழையே இல்லை. உறுதிசெய்யச் சொல்லிக் கேட்பது பிழைத் தடுப்புதான். கேட்கும் இடம் கண்ணில் படுமா என்பது ஒரு மனிதரை உட்காரவைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தோன்றவில்லை. நிபுணர் மதிப்பீட்டைக் குறை சொல்லவில்லை. அது பிடித்த பல சிக்கல்களை என் பயனர்கள் தொடவே இல்லை. இரண்டில் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து நெறிமுறைக் குழுவின் அனுமதி. படிவம் நீளம், காத்திருப்பு அதைவிட நீளம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒளிப்பதிவைப் பிறரிடம் காட்டலாமா என்பதற்கு ஒப்புதல் படிவத்தில் தனிக் கட்டம் வைத்துவிடுங்கள். பதிவு செய்ய ஒப்புக்கொண்டவர் அதைக் காட்டவும் ஒப்புக்கொண்டார் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கட்டம் பின்னால் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

டாஸ்க், அதாவது பங்கேற்பவரிடம் செய்யச் சொல்லும் வேலை, எழுதுவது எளிது என்று நினைத்தேன். "இந்தப் புத்தகத்தை முன்பதிவு செய்க" என்று எழுதி, நண்பர் ஒருவரை வைத்து முன்னோட்டம் பார்த்தேன். பக்கத்தை வாசிக்காமல் கண்ணால் துழாவி, "முன்பதிவு" என்ற சொல் இருந்த பட்டனைப் பிடித்து அழுத்திவிட்டார். நான் சோதித்தது மென்பொருளை இல்லை, ஒரே சொல்லை இரண்டு இடத்தில் கண்டுபிடிக்கும் திறமையை. டாஸ்க்கை மாற்றி எழுதினேன்: "உங்களுக்கு வேண்டிய புத்தகம் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. அது திரும்பி வந்ததும் உங்கள் கைக்கு வரும்படி ஏற்பாடு செய்யுங்கள்." பட்டனில் உள்ள ஒரு சொல்கூட இதில் இல்லை. ஆறு டாஸ்க்குகளையும் இப்படித் திருத்தினேன். முன்னோட்டம் இல்லாமல் நேரே இறங்கியிருந்தால் அத்தனை அமர்வும் வீணாகியிருக்கும்.

பங்கேற்றவர்கள் 8 பேர். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் முறையைக் கையாண்டேன். இதற்கான அடிப்படையை ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980களில் அமைத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஐ.பி.எம்.மில் கிளேட்டன் லூயிஸ் அதை மென்பொருள் சோதனைக்குக் கொண்டுவந்தார். பேசிக்கொண்டே வேலை செய்வது பலருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் தொடங்கும் முன் ஒரு சின்னப் பயிற்சி கொடுப்பார்கள். "உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல்? எண்ணும்போது மனதில் வருவதைச் சொல்லிக்கொண்டே எண்ணுங்கள்." சிலர் கண்ணை மூடிக்கொண்டு அறை அறையாக நடந்து எண்ணுவார்கள். எண்ணி முடிக்கும்போது கூச்சம் போயிருக்கும்.

முதல் இரண்டு அமர்வுகளின் பதிவை அன்றிரவே போட்டுக் கேட்டேன். என் குரல்தான் கெடுத்திருந்தது. அவர்கள் சரியான இடத்தை அழுத்தும்போதெல்லாம் "ம்ம், சரி" என்றிருக்கிறேன். தவறான இடத்துக்குப் போனால் அமைதி. இரண்டாவது ஆள் பாதி அமர்வுக்குள் இதைக் கண்டுகொண்டார். மவுஸை ஒரு பட்டன் மேல் வைத்து, நான் ஏதாவது சொல்கிறேனா என்று ஒரு நொடி காத்திருந்து, பிறகு வேறொன்றுக்கு நகர்கிறார். பதிவில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. அந்த இரண்டு அமர்வுகளையும் கணக்கில் சேர்க்காமல் புதிதாக இருவரைத் தேடிப் பிடித்தேன். அதன்பின் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "பேசிக்கொண்டே செய்யுங்கள்." அதுவும் அவர்கள் கொஞ்ச நேரம் மௌனமாகிவிட்டால்தான். "ஏன் அதை அழுத்தினீர்கள்?" என்று நடுவில் கேட்கவே கூடாது. கேட்டால் அந்தக் கணத்தில் ஒரு காரணத்தை உண்டாக்கிச் சொல்வார்கள். அடுத்த கிளிக்கிலிருந்து அவர்களின் போக்கே மாறிவிடும்.

ஒருவர் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உண்மையில் மனதுக்குக் கஷ்டமான வேலை. "சோதிப்பது மென்பொருளை, உங்களை இல்லை" என்று தொடக்கத்தில் எத்தனை முறை சொன்னாலும், தோற்றவர் தன்னைத்தான் நொந்துகொள்கிறார். "எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா வராது" என்று ஒருவர் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். அவர் தடுமாறிய அதே இடத்தில் வேறு நான்கு பேரும் தடுமாறியிருந்தார்கள். அமர்வு முடிந்ததும் அதை அவரிடம் சொன்னேன். சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

இனி வினாத்தாள். நான் எடுத்தது எஸ்.யூ.எஸ். (System Usability Scale) எனப்படும் 10 வாக்கிய அளவுகோல். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தில் ஜான் புரூக் 1986இல் உருவாக்கி, 1996இல் அச்சில் வெளியிட்டது. 50 வாக்கியங்களிலிருந்து வடிகட்டிய பத்து. ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டு, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒற்றைப்படையில் விடையிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5இலிருந்து விடையைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். இது சதவீதம் இல்லை. சராசரி 68 என்று கொள்வது வழக்கம். ஆகவே 60 என்பது முதல் வகுப்பு இல்லை, சராசரிக்குக் கீழே.

தமிழாக்கத்தில்தான் அடி வாங்கினேன். ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குப் பொருந்தாமல் இருப்பதைக் குறிக்க "முரண்பாடு" என்று போட்டிருந்தேன். முன்னோட்டத்தில் ஒருவர் "சண்டை மாதிரியா?" என்று கேட்டார். "ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது" என்று நீட்டி எழுதியதும் கேள்வி நின்றது. எட்டாவது வாக்கியத்தில் வரும் "cumbersome" என்ற மூலச் சொல்லே ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்குப் புரிவதில்லை என்று கிரேக் ஃபின்ஸ்டட் 2006இல் எழுதியிருக்கிறார். அதைத் தமிழில் "கையாளத் தொல்லையாக இருக்கிறது" என்று வைத்தேன். குறை சொல்லும் வாக்கியத்தை மறுப்பது தமிழில் இன்னும் சுற்றிவளைப்பு. "தேவையில்லாத சிக்கல் இருக்கிறது என்பதை ஏற்கவில்லை" என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக் கட்டத்தைக் குறிக்க வேண்டும். ஒருவர் பத்துக்கும் 5 போட்டுவிட்டார். அப்படிப் போட்டால் மதிப்பெண் 50. பத்துக்கும் 1 போட்டாலும் 50, 3 போட்டாலும் 50தான். கணக்கின் அமைப்பே அப்படி. ஆகவே 50 வந்தால் தாளைத் திருப்பிப் பாருங்கள். அமர்வு முழுக்க "நல்லா இருக்கு" என்றவர் அவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டியதும், தானே இரட்டைப்படை விடைகளை அடித்துத் திருத்தினார். பத்தையும் பாராட்டாகவே மாற்றி எழுதினாலும் மதிப்பெண் பெரிதாக மாறுவதில்லை என்று ஜெஃப் சாரோவும் ஜேம்ஸ் லூயிஸும் 2011இல் காட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை நான் அந்த வடிவத்தைத்தான் தமிழில் எடுப்பேன்.

முன்பதிவு டாஸ்க்கை 8 பேரில் 3 பேர்தான் முடித்தார்கள். மற்ற ஐவரும் "ஆச்சு", "முடிஞ்சுது" என்றவர்கள். 3/8 என்பது 37.5 சதவீதம் என்று எழுதிவிட்டு நகரலாம். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான விகிதம் எதற்குள் இருக்கலாம் என்ற வரம்பை, திருத்திய வால்ட் முறை என்ற புள்ளியியல் கணக்கில் போட்டால் ஏறக்குறைய 14 முதல் 70 வரை விரிகிறது. அந்த அகலத்தை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதினேன். என் கைடு முதலில் தயங்கினார், பிறகு "இருக்கட்டும்" என்றார்.

இன்னொன்றும் செய்தேன். அதே பதிவுகளை என் வகுப்புத் தோழியிடம் கொடுத்து, அவள் கண்ணில் படும் சிக்கல்களைத் தனியாகக் குறிக்கச் சொன்னேன். எனக்கு 23, அவளுக்கு 19, இருவருக்கும் பொதுவானவை 11 மட்டும். ஒரே திரை, ஒரே ஆட்கள்! பதறிப்போனேன். மார்ட்டென் ஹெர்ட்ஸமும் நீல்ஸ் எப்பே யாகப்செனும் 2001இல் இதைத்தான் மதிப்பீட்டாளர் விளைவு என்று விவரித்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. அவர்கள் அலசிய ஆய்வுகளில் எந்த இரு மதிப்பீட்டாளரை எடுத்தாலும் ஒத்துப்போனது 5 முதல் 65 சதவீதம்தான். எங்கள் கணக்கு 31க்கு 11, அதாவது 35 சதவீதம். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசி, தீவிரத்தை 0 முதல் 4 வரை குறித்தோம், 4 என்றால் மிக மோசம். மஞ்சள் பட்டைக்கு இருவருமே 4 போட்டிருந்தோம்.

மென்பொருளை உருவாக்கிய குழுவிடம் அறிக்கையை அனுப்பினேன். பதில் மரியாதையாக வந்தது: சராசரி மதிப்பெண் நன்றாகத்தானே இருக்கிறது, பெரிய மாற்றம் தேவைப்படாது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். பிறகு அனுமதி வாங்கி நேரில் போனேன். காட்டலாம் என்று கட்டத்தில் குறியிட்டிருந்தவர்களில் அந்தப் பெண்மணியும் ஒருவர். முகம் தெரியாமல், திரையும் குரலும் மட்டும் வரும்படி வெட்டிய 40 விநாடித் துண்டைப் போட்டேன். பட்டன் மங்குகிறது. "ஆச்சு." திரையின் உச்சியில் யாரும் பார்க்காத பட்டை. நிரல் எழுதியவர் எழுந்து வந்து, இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை அவரே பின்னால் இழுத்துப் போட்டு, பட்டன் மங்கும் இடத்தில் நிறுத்தினார். "மங்கலை நான்தான் வைத்தேன். இரண்டு தடவை அழுத்திவிடக் கூடாதே என்று வைத்தது" என்றார்.

புதிய வடிவில் உறுதிப்படுத்தும் கேள்வி பட்டனுக்கு நேர் கீழே வந்தது. முடிந்ததும் பட்டனிலேயே "முன்பதிவானது" என்ற சொல் நிற்கும். வேறு 8 பேரைக் கொண்டு இரண்டாம் சுற்று நடத்தினேன். 7 பேர் முடித்தார்கள். இந்தச் சுற்றில் யாரையும் பேசச் சொல்லவில்லை. நேரம் அளக்க வேண்டியிருந்தது, பேசிக்கொண்டே செய்தால் நேரம் மாறக்கூடும். நேரக் கணக்கில் ஒருவர் மட்டும் மிக நீளமாகப் போனால் சாதாரணச் சராசரி அவர் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் எண்களைக் கூட்டுவதற்குப் பதில் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்கல் சராசரியைப் போட்டேன்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எதிர்பார்த்த கேள்வி வந்தது: "8 பேர் போதுமா?" நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் சொன்ன கணக்கில், ஒரு சிக்கல் ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம். அப்படியானால் 5 பேரே ஏறக்குறைய 85 சதவீதச் சிக்கல்களைக் காட்டிவிடுவார்கள். ஆனால் பத்தில் ஒருவரை மட்டும் தாக்கும் சிக்கல் என்றால், 8 பேரை வைத்தும் அது கண்ணில் படும் வாய்ப்பு 57 சதவீதம்தான். அதையே சொன்னேன். "மீதி?" என்றார் தேர்வாளர். "அவை இன்னும் உள்ளே இருக்கலாம்" என்றேன். அதை ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில் எழுத்தில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தபடி, ஆய்வு முடிந்த ஆறாம் மாதம் பதிவுகளை எல்லாம் அழித்தேன், அந்த 40 விநாடித் துண்டு உட்பட. என் குறிப்பேட்டில் அந்த அமர்வுக்கு எஞ்சியிருப்பது ஒரு வரி: பங்கேற்பாளர் 4, டாஸ்க் 3, பட்டனை அழுத்தினார், மேலே பார்க்கவில்லை, "ஆச்சு."