லைப்சிக் வட்டச்சாலையில் ஒரு நடை

பெர்லினிலிருந்து லைப்சிக்குக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். பெரும்பாலானவர்கள் பாக் இசையமைத்த தேவாலயத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது 1989-ஐப் பார்க்க. அந்த இலையுதிர்காலத்தில் கிழக்கு ஜெர்மனி மக்கள் தங்கள் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராகத் திரண்ட இடங்களில் 20 தூண்கள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் நடந்ததைப் பற்றிய படங்களும் குறிப்பும் இருக்கின்றன. இரும்புக் கம்பிக்கும் கண்ணாடிக்கும் பின்னால் வைக்காமல், டிராம் போகிற தெருவிலேயே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

அங்கே படிக்கிற நண்பரின் தம்பி கூட வந்தான். "அண்ணா, நிக்கோலாய் தேவாலயத்துல ஆரம்பிங்க, அப்பதான் வரிசை புரியும்" என்றான். அவன் சொன்னது சரிதான். 1982 முதல் திங்கள்கிழமை மாலை 5 மணிக்கு அங்கே அமைதிக்கான ஜெபம் நடந்து வந்தது. ஜெபம் முடிந்து வெளியே வந்த கூட்டம்தான் பிறகு ஊர்வலமாக மாறியது.

1989 செப்டம்பர் 4-ஆம் தேதிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். இரண்டு இளம்பெண்கள் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்திருக்கிறார்கள். 'சுதந்திர மனிதர்கள் வாழும் திறந்த நாடு வேண்டும்' என்று கையால் எழுதியது. கேத்ரின் ஹாட்டன்ஹாவர், கெஸீன ஓல்ட்மான்ஸ் என்பது அவர்கள் பெயர். கொஞ்ச நேரத்துக்குள் சாதாரண உடையில் இருந்த உளவுத்துறை ஆட்கள் அதைப் பிடுங்கி இழுத்துவிட்டார்கள். ஆனால் அது லைப்சிக் வர்த்தகக் கண்காட்சி நடந்த வாரம். மேற்கு ஜெர்மனி நிருபர்கள் கேமராவோடு அங்கேயே நின்றிருந்தார்கள். மேற்கின் டிவியைக் கிழக்கிலும் வீட்டுக்கு வீடு பார்ப்பார்கள். அந்தத் துணியை நாடு முழுக்கப் பார்க்க வைத்தது பிடுங்கியவர்கள்தான்.

அந்தத் துணியில் ஜெர்மனி ஒன்றாக வேண்டும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஜெர்மனி இணைப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடுவது இதைத்தான். முதலில் கேட்டது பேச்சுரிமை, பயண உரிமை, நேர்மையான தேர்தல். இணைப்பு பிறகுதான் வந்தது. படங்களைத் தேதி வரிசையில் பார்த்தால் மட்டுமே அது தெரிகிறது.

அக்டோபர் 9. அன்று மாலை சுமார் 70,000 பேர் பழைய நகரைச் சுற்றி ஓடும் வட்டச்சாலையில் நடந்தார்கள். இப்போது எண்ணிக்கையாகப் படிப்பது சுலபம். அந்த ஜூனில்தான் சீனாவின் தியானன்மென் சதுக்கத்தில் போராடியவர்களைச் சுட்டிருந்தார்கள். கிழக்கு ஜெர்மனி அரசு அதை ஆதரித்திருந்தது. தேவைப்பட்டால் ஆயுதத்தையும் எடுப்போம் என்று மூன்று நாள் முன்னால் உள்ளூர் நாளிதழில் ஒரு கடிதம் வந்திருந்தது. மருத்துவமனைகளில் கூடுதல் ரத்தம் தயாராக வைத்திருந்தார்கள். இத்தனையும் தெரிந்துதான் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள்.

ரயில் நிலையத்தைத் தாண்டிச் சீர்திருத்தத் தேவாலயத்துக்கு வந்தோம். அதன் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். வெளிநாட்டு நிருபர்களை அன்று நகருக்குள் விடவில்லை. கிழக்கு பெர்லினிலிருந்து வந்த ஸீக்பெர்ட் ஷெஃப்கே, ஆரம் ரடோம்ஸ்கி என்ற இருவர், போதகரின் அனுமதியோடு புறா எச்சத்துக்கு நடுவே படுத்து, கூட்டத்தை வீடியோ எடுத்தார்கள். மேற்கு ஜெர்மனி வார இதழான 'டெர் ஷ்பீகல்' நிருபர் உல்ரிச் ஷ்வார்ஸ் அந்த கேசட்டை உள்ளாடைக்குள் வைத்து எல்லை கடத்தினார். மறுநாள் இரவு மேற்கு ஜெர்மனி டிவியில் ஓடியது. எடுத்தவர்களைக் காப்பாற்ற, இத்தாலியக் குழு எடுத்தது என்று சொல்லிவிட்டார்கள்.

படம் தெளிவாகவே இல்லை. தெருவிளக்கு மஞ்சள், கருப்பாக நகரும் தலைகள், டிராம் தண்டவாளம். ஒரு முகமும் பிடிபடாது. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் 'வட்ட மூலை' என்று அழைக்கப்படும் கட்டடம். உளவுத்துறையின் பழைய மாவட்டத் தலைமையகம். 1989 டிசம்பர் 4 அன்று மக்கள் உள்ளே நுழைந்து கைப்பற்றினார்கள், இப்போது அருங்காட்சியகம். உளவாளிகளின் விக், ஒட்டுமீசை, கடிதங்களை ஆவியில் பிரிக்கும் இயந்திரம், மறைத்து வைக்கும் கேமரா எல்லாம் உண்டு. ஆளை அடையாளம் காண எடுத்தவை அவர்களுடைய படங்கள். கோபுரத்திலிருந்து எடுத்த அந்த மங்கலான காட்சியில் யாரையும் பிடித்துக் கொண்டுபோக முடியாது. அந்த இருட்டே நடந்தவர்களுக்குக் காவலாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

பெர்லின் சுவர் நவம்பர் 9-இல் திறந்தது. அதற்குப் பிந்தைய படங்களில் நிறமே மாறிவிடுகிறது. அக்டோபரில் மெழுகுவத்தி, கையெழுத்துத் தட்டிகள். நவம்பர் கடைசியில் எங்கு பார்த்தாலும் கருப்பு, சிவப்பு, தங்க நிறக் கொடிகள். அவற்றில் சிலவற்றின் நடுவே ஓட்டை. சுத்தியலும் காம்பஸும் கொண்ட கிழக்கு ஜெர்மனிச் சின்னத்தைக் கத்தரித்து எறிந்தால் மேற்கின் கொடி கிடைத்துவிடுகிறது! 'ஜெர்மனியே, ஒன்றுபட்ட தாயகமே' என்ற தட்டியும் வருகிறது. அது கிழக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்திலேயே உள்ள வரி. அந்தச் சொற்களை அரசே 1970-களில் பாடாமல் நிறுத்தி, இசையை மட்டும் வாசித்து வந்தது.

எல்லோருக்கும் இது சம்மதம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தனி நாடாகவே இருந்து சீர்திருந்தலாம் என்று நவம்பர் 28-இல் எழுத்தாளர்களும் ஆர்வலர்களும் ஒரு வேண்டுகோள் வெளியிட்டார்கள். முதலில் அடிவாங்கிய, சிறைக்குப் போன பலர் அந்தப் பக்கம்தான். 1990 மார்ச் 18 தேர்தலில் விரைவான இணைப்பைக் கேட்டவர்கள் ஜெயித்தார்கள். அக்டோபர் 3-இல் நாடு ஒன்றானது. ஆரம்பித்தவர்களின் கட்சிக்குக் கிடைத்தது சொற்ப ஓட்டு. அவர்களை நினைத்து எனக்கு மனசு கனத்தது. அவர்கள் இல்லாமல் அந்தத் தேர்தலே நடந்திருக்காது.

போகிறவர்களுக்கு: வட்டச்சாலை நாலு கிலோமீட்டருக்கும் குறைவு, ஆனால் படங்களைப் படித்துக்கொண்டே போக அரை நாள் ஒதுக்குங்கள். படத்தில் மக்கள் நெருக்கியடித்து நிற்கும் நடைமேம்பாலத்தைத் தேடாதீர்கள், அதை 2004-இல் இடித்துவிட்டார்கள். திங்கள்கிழமையாகப் பார்த்துப் போனால் நல்லது. நிக்கோலாயில் மாலை 5 மணி ஜெபம் இன்றும் நடக்கிறது, யாரும் உட்காரலாம்.