அந்தரத்தில் நின்ற பேனா

பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டில் பங்காளிகள் எல்லாரும் கூடினால் ராத்திரிக்குப் படம் போட வீடியோ டெக் வாடகைக்கு வந்துவிடும். அப்படித்தான் ஒரு வருடம் இயக்குநர் குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ பார்த்தோம். கதை எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை, ஆனால் விண்கலத்தில் தூங்கிப்போனவர் கையிலிருந்து நழுவிய பேனா கீழே விழாமல் அந்தரத்தில் மெல்லச் சுழல, பணிப்பெண் தள்ளாடி நடந்து வந்து அதைப் பிடித்து அவர் சட்டைப்பையில் செருகுவாளே, அப்போது ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “அது எப்படிப்பா விழாம நிக்குது?” என்றார் அப்பத்தா. யாருக்கும் தெரியவில்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். பேனாவைக் கண்ணாடித் தகட்டில் டேப் போட்டு ஒட்டி, தகட்டைச் சுழற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்! படம் வந்தது 1968-ல், நிலவில் மனிதன் கால் வைப்பதற்கு ஒரு வருடம் முன்னால். சூட்சுமம் தெரிந்தபின் எனக்கு வியப்பு கூடித்தான் போனது.

நம்மிடமும் 1963-லேயே எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள்.

இப்போது வரும் படங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு நகரம் இடிகிறது, எதையும் நின்று பார்க்க விடுவதில்லை, அதுதான் என் வருத்தம். போன பொங்கலுக்கு அதே பெரிய வீட்டில் அண்ணன் மகளுக்கு அந்தக் காட்சியைப் போட்டேன். திரைக்குப் பக்கத்தில் போய்ப் பேனாவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை போடுங்க சித்தப்பா” என்றாள்.